மலையிலிருந்து சென்டோசாவுக்கு: யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போகிறவர்களுக்கு ஒரு குன்னூர்க் குறிப்பு

மே மாதம் குன்னூரில் எங்கள் டீத்தூள் கடைக்கு வருகிறவர்கள் அரைக் கிலோ தூளும் ஒரு பாக்கெட் வர்க்கியும் வாங்கிக்கொண்டு, அப்படியே செல்போனை நீட்டுவார்கள். அதில் ஒரு பட்டியல் இருக்கும். “சிம்ஸ் பார்க், லாம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ், தொட்டபெட்டா, போட் ஹவுஸ், பைக்காரா. இன்னைக்கே முடிச்சிரலாங்களா?” அப்போது மணி பதினொன்றரை இருக்கும். என் வீட்டுக்காரர் முகத்தில் எதையும் காட்டாமல், “பாருங்க, வண்டி நகர்ந்தா முடிஞ்சிரும்” என்பார். சாயங்காலம் அதே வண்டி தொட்டபெட்டா ரோட்டில் நின்றுகொண்டிருக்கும்.

போன செப்டம்பரில் சிங்கப்பூரின் சென்டோசா தீவில் இருக்கும் கேளிக்கைப் பூங்காவான யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வாசலில், அந்தச் சுழலும் பெரிய உருண்டைக்கு முன்னால், நானும் அப்படியொரு பட்டியலோடு நின்றேன். பதினாறு சவாரிகளின் பெயர். கூட வீட்டுக்காரர், அத்தை, பதினோரு வயது மகள், ஏழு வயது மகன். மாலையில் எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான் ஆகியிருந்தது. மதியத்துக்கு மேல் பட்டியலைத் தூக்கிப் போட்டதால்தான் அந்த ஒன்பதுகூட ஒழுங்காக நடந்தது. இங்கே சீசன்காரர்கள் செய்கிற தப்பை எல்லாம் நாம் அங்கே போய்ச் செய்கிறோம். அது நடக்காமலிருக்கத்தான் இதை எழுதுகிறேன். மலைக்குக் கீழே சமவெளியில் உள்ளவர்கள் எழுதிய குறிப்புகள் நிறையவே உண்டு. ஆனால் அவர்களுக்கு வெயில் பழக்கம், நமக்கு இல்லை. நமக்கு வேறு சில பழக்கங்கள் உண்டு, அவை அங்கே உதவும்.

முதலில் வாரத்தைப் பிடியுங்கள்

விமான டிக்கெட் விலையைப் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையைப் பார்த்துக் குறியுங்கள். மார்ச்சில் ஒரு வாரம், மே கடைசியிலிருந்து ஜூன் முழுக்க, செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம், நவம்பர் நடுவிலிருந்து வருஷக் கடைசி வரை அங்கே பள்ளி இல்லை. அந்த நாட்களில் பூங்கா, மலர்க்காட்சி நடக்கிற வாரத்து ஊட்டி மாதிரி இருக்கும். சனி, ஞாயிறு எப்போதுமே வேண்டாம்.

நம்மில் கடை, டாக்ஸி, லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல், மே நினைத்தும் பார்க்க முடியாது. பிள்ளைகளுக்கு லீவு போடத் துணிந்தால் மழை பிடித்துக்கொண்ட ஜூலைதான் நல்லது. கடையில் ஈ ஓட்டும் மாதம், அங்கேயும் பள்ளி நடக்கும் மாதம். லீவு போட மனசில்லாதவர்களுக்குக் காலாண்டுத் தேர்வு விடுமுறை. நாங்கள் போனது அப்போதுதான். செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அக்டோபர் முதல் தேதியைத் தாண்டினால் சீனாவில் ஒரு வாரத் தேசிய விடுமுறை வரும், கூட்டம் ஏறிவிடும். இன்னொன்று: செப்டம்பர் கடைசியிலிருந்து சில ராத்திரிகளில் உள்ளே பேய்த் திருவிழா நடத்துகிறார்கள். அதற்குத் தனி டிக்கெட். அந்த நாட்களில் பகல் பூங்காவைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். தேதியை முடிவு செய்யும் முன் அவர்கள் இணையதளத்தில் அன்றைய திறக்கும் நேரம், மூடும் நேரம், பராமரிப்புக்காக எந்தச் சவாரி நிறுத்தம் என்று மூன்றையும் பாருங்கள். பொதுவாகக் காலை 10 மணிக்குத் திறப்பார்கள், ஆனால் நாளுக்கு நாள் மாறும்.

காகித வேலை

நீலகிரிக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் கோவைதான். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். கையிலிருப்பது பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும்.

சிங்கப்பூருக்கு நமக்கு விசா உண்டு. அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான் போடுகிறார்கள். அரசுக் கட்டணம் 30 வெள்ளி, கிடைக்காவிட்டாலும் திரும்பத் தரமாட்டார்கள். ஏஜென்ட் கூலி அதற்கு மேல். (அங்குள்ள தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள். இரண்டு நாளில் நமக்கும் வாயில் வந்துவிடும்.) நாங்கள் கொடுத்த இடத்தில் என் பெயரையும் அப்பா பெயரையும் முன்பின்னாக மாற்றி அடித்துவிட்டார்கள். நகலை வாங்கி எழுத்தெழுத்தாகப் பார்த்ததால் தப்பித்தேன். இனிஷியல் விரிவாக்கம் நமக்கு எப்போதும் தலைவலி. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே விசாவிலும் விமான டிக்கெட்டிலும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அவர்களுடைய குடிநுழைவுத் துறையின் (இமிக்ரேஷன்) தளத்தில் இது இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் வெளியே வந்துவிடுங்கள், அது வேறு யாரோ.

டிக்கெட்டும் அவசரப் பாஸும்

நுழைவுச் சீட்டு தேதி போட்டதுதான். பெரியவர்களுக்கு 80 வெள்ளிக்கு மேல், நம் காசில் ஐயாயிரத்தைத் தாண்டும். 4 வயதிலிருந்து 12 வரை குழந்தை டிக்கெட், 60 தாண்டியவர்களுக்கு நன்றாகவே குறைவு, நாலு வயதுக்குக் கீழே இலவசம். அத்தைக்கு அறுபத்தாறு. வயது தெரிகிற அடையாளமாகப் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள்.

எக்ஸ்பிரஸ் பாஸ் என்று தனியாக ஒன்று விற்கிறார்கள். அதை வைத்திருந்தால் வரிசையைத் தாண்டிப் போகலாம், சாதாரண வகையில் ஒரு சவாரிக்கு ஒரு முறை. கூட்டத்தைப் பொறுத்து விலை ஏறும். மே மாத ரூம் வாடகை மாதிரி, சில நாட்களில் நுழைவுச் சீட்டின் விலையையே தாண்டிவிடும். என் கருத்து: வார நாளில், பள்ளி நடக்கும் வாரத்தில் அது தண்டம். பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்றால் ரோலர் கோஸ்டர் ஏறுகிற இரண்டு பேருக்கு மட்டும் வாங்கினால் போதும், ஐந்து பேருக்கும் வேண்டாம். மழை வந்து சவாரி நின்றால் அந்தப் பாஸும் சேர்ந்துதான் நிற்கும்.

காசில்லாத குறுக்கு வழி ஒன்றும் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி போன்ற சவாரிகளில் தனியாள் வரிசை உண்டு. ஒற்றையாகக் காலியாகும் இருக்கைகளில் உங்களை ஏற்றுவார்கள். குடும்பமாகச் சேர்ந்து உட்கார முடியாது, ஆனால் வரிசை வேகமாகக் கரையும். என் மகளும் அவள் அப்பாவும் இரண்டு முறை அப்படித்தான் ஏறினார்கள்.

கதவு நிலையில் ஒரு பென்சில் கோடு

இதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். ஒவ்வொரு சவாரிக்கும் குறைந்தபட்ச உயரம் உண்டு. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ., மம்மிக்கு 122, ஜுராசிக் பார்க் படகுச் சவாரிக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, புஸ் இன் பூட்ஸுக்கு 100, கேனபி ஃபிளையருக்கு 92. வாசலில் அளவுகோலோடு ஆள் நிற்பார். கெஞ்சினாலும் விடமாட்டார், விடவும் கூடாது. மேலே மடங்கி வந்து பிடிக்கிற அந்தக் கம்பி குறிப்பிட்ட உயரமுள்ள உடம்புக்காக அமைத்தது.

சின்னவனை எங்கள் கதவு நிலையில் நிறுத்திக் கோடு போட்டபோது சரியாக 122 வந்தது. ஸ்கூல் ஷூவோடு நின்றான், நான் கவனிக்கவில்லை. அங்கே போட்டுக்கொண்டு போனதோ மெல்லிய செருப்பு. முக்கால் மணி நேரம் மம்மி வரிசையில் நின்று, அளவுகோலுக்குக் கீழே போனான். அதற்கும் அவன் தலைக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. அளவுகோலோடு நின்ற பெண் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டார். அவன் அழவில்லை. எகிப்து மாதிரிக் கட்டியிருந்த தூணைப் போய் ஒரு உதை விட்டான். அதனால் வெறுங்காலோடு அளந்து, அவன் எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று கிளம்பும் முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள். வரிசையின் நுழைவிலேயே அளவுகோல் இருக்கும், நிற்பதற்கு முன்னால் ஒருமுறை பாருங்கள். சின்னக் குழந்தை இருந்தால் பெற்றோர் இரண்டு பேரும் மாறி மாறி ஏற வசதி உண்டு. ஒருவர் குழந்தையோடு காத்திருப்பார், மற்றவர் இறங்கியதும் திரும்ப வரிசை நிற்காமல் இவர் ஏறலாம். வாசல் ஊழியரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

பெட்டி கட்டும்போது

குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே. சிங்கப்பூர் கடல் மட்டத்தில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். பகலில் 31, 32 டிகிரி, ராத்திரியில் 25. கேட்க அதிகமாகத் தெரியாது. ஆனால் காற்று ஈரத்தில் கனத்துக் கிடக்கும், வேர்வை காயாது. மேட்டுப்பாளையம் மே மாதம் எரிக்கும், இது வேக வைக்கும். நம் வீட்டுப் பீரோவில் மெல்லிய பருத்தித் துணி தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஒருவருக்கு ஒரு மாற்றுச் சட்டை பையில் இருக்கட்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் நாள் முழுக்கக் காயாது.

அத்தை சால்வை எடுத்தபோது எல்லோரும் சிரித்தோம். மெட்ரோ ரயிலிலும் உள்ளே அரங்குகளிலும் ஏசி போடுகிற போடில், மதியம் அந்தச் சால்வைக்கு மூன்று பேர் போட்டி. எடுத்துக்கொள்ளுங்கள்.

கசகசா, கசகசா சேர்த்து அரைத்த மசாலாப் பொடி எதையும் கொண்டுபோகாதீர்கள். அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. சூயிங் கம், மெல்லும் புகையிலை, வேப் எல்லாம் கூடாது. நீலகிரித் தைலம் கைப்பையில் வைத்தால் 100 மி.லி.க்குள் இருக்க வேண்டும். மூட்டு வலிக்கு அத்தை எப்போதும் வைத்திருக்கும் பெரிய புட்டியை வீட்டிலேயே சின்னப் புட்டிக்கு மாற்றிக்கொண்டோம்.

காலணி பற்றி ஒரு வார்த்தை. ஏற்றம் ஏறிப் பழகிய கால்தானே என்று நினைத்தேன். பூங்கா 20 ஹெக்டேர், நம் ஊட்டி தாவரவியல் பூங்கா அளவுதான் வரும். ஆனால் முழுக்கச் சமதளம், முழுக்கக் கான்கிரீட். ஏற்றத்தில் உழைப்பது தொடை, அங்கே அடிவாங்குவது உள்ளங்கால். அதிலும் நடப்பதைவிட நிற்பதுதான் வலி. புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

இறங்குகிற நாளில் போகாதீர்கள்

கோவையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். ராத்திரி மலை இறங்கி, விமானத்தில் தூங்காமல், விடிந்ததும் நேராகப் பூங்காவுக்குப் போன குடும்பம் ஒன்றை அங்கே பார்த்தேன். மதியம் ஒரு மணிக்கு நாலு பேரும் ஒரே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் ஊரைப் பார்த்துவிட்டு, வெயிலைப் பழகிக்கொண்டு, மறுநாள் போங்கள்.

தங்க லிட்டில் இந்தியா வசதி. தேக்கா சந்தைப் பக்கம் இட்லி, பொங்கல் காலையிலேயே கிடைக்கும், தமிழில் பேசிச் சமாளிக்கலாம். அதைவிட முக்கியமான காரணம் ரயில். லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் இரண்டு நிலையங்களும் ஊதா நிறக் கோட்டில் இருக்கின்றன. அதே கோட்டின் கடைசியில்தான் ஹார்பர்ஃபிரண்ட். நடுவில் மாற வேண்டியதில்லை. வயதானவர்களோடு போகும்போது இது பெரிய விஷயம்.

காலை

திறக்கிற நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாக வாசலில் இருங்கள். அந்த முக்கால் மணி நேரம் உள்ளே இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடித்துத் தரும். ஏழு மணி மலை ரயிலுக்கு மேட்டுப்பாளையத்தில் விடியற்காலையிலேயே போய் இடம் பிடித்து நின்ற பழக்கம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரயிலில் ஏற வங்கிக் கார்டையே தட்டலாம். ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு, ஒரே கார்டில் இரண்டு பேர் போக முடியாது. வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே வங்கியில் திறந்துவிட்டு வாருங்கள். நடைமேடையில் நின்றபோது அத்தை சின்னவனுக்காக வர்க்கிப் பாக்கெட்டைப் பிரித்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் மெதுவாக, “அம்மா, ஸ்டேஷனுக்குள்ள சாப்பிடக் கூடாதும்மா. ஃபைன் போட்ருவாங்க” என்றார். தண்ணீர் குடிப்பதும் சேர்த்திதான். அபராதம் 500 வெள்ளி வரை போகும். எந்த ஊர் என்று கேட்டார். குன்னூர் என்றதும், “அந்தக் குளிரை விட்டுட்டு இங்க எதுக்கும்மா வந்தீங்க?” என்றார். பதில் சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது.

ஹார்பர்ஃபிரண்ட்டில் இறங்கி மேலே வந்தால் விவோசிட்டி என்ற பெரிய கடைவளாகம். மூன்றாவது தளத்தில் சென்டோசா எக்ஸ்பிரஸ், ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் குட்டி ரயில். உள்ளே போக 4 வெள்ளி, திரும்பி வர இலவசம். முதல் நிறுத்தமே ரிசார்ட்ஸ் வேர்ல்ட், அங்கே இறங்குங்கள். காசு மிச்சம் செய்ய நினைத்தால் கடலோரமாக நடைபாலம் இருக்கிறது, இலவசம், நகரும் நடைபாதையும் உண்டு. போகும்போது ரயில், திரும்பும்போதும் ரயில் என்பதே என் யோசனை. கால்களைக் காலையிலேயே செலவழிக்காதீர்கள்.

உருண்டைக்கு முன்னால் படம் எடுக்க டிக்கெட் தேவையில்லை. காலையில் அதற்காக நிற்காதீர்கள், சாயங்காலம் எடுக்கலாம். எல்லோரும் அங்கே நிற்கிற பத்து நிமிஷத்தில் நீங்கள் பைச் சோதனையைத் தாண்டிவிடலாம்.

உள்ளே எந்தப் பக்கம்

பூங்கா ஒரு குளத்தைச் சுற்றி வளையமாக இருக்கிறது. நுழைந்ததும் ஹாலிவுட் தெரு. வலப்பக்கம் போனால் நியூயார்க், பிறகு எதிர்கால நகரம், பண்டைய எகிப்து, ஜுராசிக் காடு, ஷ்ரெக்கின் கோட்டை ஊர் என்று சுற்றி, 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்டில் வந்து முடியும். அதாவது மினியன்கள் வாசலுக்கு இடப்பக்கம். எல்லாவற்றையும் விடப் புதுசு என்பதால் அங்கேதான் வரிசை வேகமாக நீளும்.

சின்னப் பிள்ளைகள் மட்டும் இருந்தால் கதவு திறந்ததும் இடப்பக்கம், நேராக மினியன். ரோலர் கோஸ்டர் பைத்தியங்கள் இருந்தால் வலப்பக்கம், எதிர்கால நகரம். இரண்டும் கலந்த குடும்பம் முதல் ஒரு மணி நேரம் பிரிந்துபோவதே மேல். எல்லோரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதத்தில், அந்தத் தங்கமான ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு சவாரிதான் ஆனது. சேர்ந்து இருக்க மதியம் நிறைய நேரம் கிடைக்கும்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, மழைக் கணக்கு. சிங்கப்பூரில் இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல். மின்னல் அபாயம் என்றால் வெட்டவெளிச் சவாரிகளை எல்லாம் நிறுத்திவிடுவார்கள். பேட்டில்ஸ்டார், கேனபி ஃபிளையர், புஸ் இன் பூட்ஸ், ஜுராசிக் படகு எல்லாம் வெட்டவெளி. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, 4டி அரங்கு ஆகியவை கூரைக்குள். அதனால் காலை 10 முதல் 12 வரை வெளியே உள்ளவை, பிறகு உள்ளே உள்ளவை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசை மதியம் நீளமாக இருக்குமே என்பீர்கள். இருக்கும். ஆனால் அது ஏசிக்குள் நீளும் வரிசை. வெயிலில் இருபது நிமிஷம் நிற்பதைவிட ஏசியில் நாற்பது நிமிஷம் நிற்பது நம் உடம்புக்குத் தேவலாம். இதைக் கீழே உள்ளவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

பேட்டில்ஸ்டார் பற்றிக் கேட்பவர்களுக்கு: இரண்டு தண்டவாளம். சிவப்பில் உட்கார்ந்து போகலாம், மணிக்கு 90 கி.மீ. வேகம். நீலத்தில் கால் தொங்கும், தலைகீழாகவும் சுற்றும். இரண்டும் ஒன்றையொன்று உரசுவது போலக் கடக்கும். செருப்பு, மூக்குக் கண்ணாடி, பையிலிருக்கும் சில்லறை எதுவும் கூடாது, பக்கத்து லாக்கரில் வைக்க வேண்டும். குறிப்பிட்ட நேரம் வரை லாக்கர் இலவசம், தாண்டினால் காசு ஏறும். மகள் நீலத்தில் ஏறி இறங்கி வந்து, “அம்மா, கல்லட்டி ரோட்ல மாமா ஓட்டினாரே, அதுதான் பயம்” என்றாள். 36 கொண்டை ஊசி வளைவையும் கைப்பிடி இல்லாத ஜீப்பில் இறங்கியவள், சொல்ல உரிமை உண்டு.

ஜுராசிக் படகில் கட்டாயம் நனைவீர்கள். யார் எவ்வளவு என்பது படகு சுழல்வதைப் பொறுத்தது. செல்போனுக்கு ஒரு ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவர் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

மலைப்பிள்ளைக்கும் தலை சுற்றும்

பர்லியாறு தாண்டுவதற்குள் பஸ்ஸில் பிளாஸ்டிக் பை தேடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். அதே சின்னவன் டிரான்ஸ்ஃபார்மர்ஸில் இறங்கியதும் வெளுத்துப்போய் சுவரைப் பிடித்துக்கொண்டான். மலை ரோட்டில் உடம்பு திரும்புவதும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகும். அந்த மாதிரித் திரைச் சவாரியில் கண் ஒரு கட்டடத்திலிருந்து விழுவதைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ வண்டி ஓரடி அசைந்ததைத்தான் உணர்கிறது. இரண்டுக்கும் தகராறு வந்தால் வயிறு கலங்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிற முப்பரிமாணம் அதைக் கூட்டும். அதற்கு ஒரே வழி, கலங்க ஆரம்பித்ததும் திரையை விட்டுக் கண்ணை எடுத்து, கண்ணை மூடிக்கொள்வது அல்லது முன் கம்பியைப் பார்ப்பது. திரைச் சவாரி இரண்டை அடுத்தடுத்து ஏறாதீர்கள். சாப்பிட்ட உடனேயும் கூடாது. ரத்த அழுத்தம், கழுத்து, முதுகுத் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பெரிய சவாரிகள் பக்கமே போக வேண்டாம். பலகையில் எழுதியிருப்பதைச் சும்மா எழுதியதாக எடுக்காதீர்கள்.

சாப்பாடு, தண்ணீர், நிழல்

வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். குழந்தை உணவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடையில்லை. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், நிரப்பிக்கொள்ள இடங்கள் உண்டு. நமக்குத் தாகம் எடுக்கும் பழக்கமே இல்லை, அதுதான் ஆபத்து. குன்னூரில் ஒரு நாளைக்கு நாலு டம்ளர் டீயும் இரண்டு டம்ளர் தண்ணீருமாக ஓட்டுகிற ஆட்கள் நாம். அங்கே மணிக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு வாயில் பாட்டிலை வைக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே முடியுங்கள். பன்னிரண்டுக்கு மேல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேசை தேட வேண்டியிருக்கும். எகிப்துப் பகுதி உணவகத்தில் நம் வகைச் சாப்பாடு கிடைக்கும், சைவம் என்று கேட்டு வாங்குங்கள். நியூயார்க் பகுதியில் பீட்சா. விலை வெளியே உள்ளதைவிடக் கூடுதல். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் தொண்டையில் இறங்காது, பெருக்காதீர்கள்.

சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் எந்தச் சவாரியும் வேண்டாம். எங்கள் நாளைக் காப்பாற்றியது இதுதான். அத்தை, “நீங்க எங்க வேணா போங்க கண்ணு, நான் இங்கயே உக்காந்திருக்கேன்” என்று நிழலில் ஒரு பெஞ்சைப் பிடித்துவிட்டார். அவரை விட்டுப் போக மனமில்லாமல் நாங்களும் உட்கார்ந்தோம். அப்போதுதான் பட்டியலை மடித்து வைத்தேன். எழுந்ததும் நேராக வாட்டர்வேர்ல்ட் காட்சிக்குப் போனோம். படகுச் சண்டை, தீ, வெடி, கடைசியில் விமானமே தண்ணீரில் வந்து விழுகிறது. குறித்த நேரத்தில்தான் நடக்கும், கால் மணி முன்னால் போனால் நல்ல இடம். முன்வரிசைகளில் உட்கார்ந்தால் வாளி வாளியாகத் தண்ணீர் வரும், விவரம் தெரியாமல் உட்காராதீர்கள். வயதானவர்கள் நிம்மதியாகப் பார்க்கக்கூடியவை இதுவும், ஒரு புயலையே அரங்குக்குள் வரவழைத்துக் காட்டும் நியூயார்க் அரங்கும். அத்தை அந்தப் புயலில் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திவிட்டது. வெளியே வந்து, “மறுபடி எப்போ போடுவாங்க?” என்றார்.

நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நுழைவிடத்தில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். வேண்டாம் என்பார்கள். மதியத்துக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

கடைசி இரண்டு மணி நேரம்

நாலரை, ஐந்து மணிக்குச் சுற்றுலாப் பஸ்களில் வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். வரிசைகள் இளைக்கும். காத்திருப்பு நேரத்தை அவர்களுடைய செயலியில் பார்த்து, காலையில் விட்டுப்போனதை இப்போது பிடியுங்கள். மூடுவதற்கு அரை மணி இருக்கும்போது மினியன் வரிசையில் காலையில் பார்த்ததில் பாதி ஆள்கூட இல்லை. பொம்மை, டி-ஷர்ட் எல்லாம் இந்த நேரத்தில் வாங்குங்கள், நாள் முழுக்கச் சுமக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு பொருள், இவ்வளவு வெள்ளிக்குள் என்று காலையிலேயே பேசி வைத்துவிட்டால் சண்டை வராது.

வெளியே வந்ததும் ரயிலுக்கு ஓடாதீர்கள், அந்தப் பத்து நிமிஷம்தான் நெரிசல். உருண்டைக்கு முன்னால் உட்காருங்கள். விளக்குப் போட்டபின் படம் காலையைவிட நன்றாக வரும்.

திரும்பி மலை ஏற

இதை யாரும் எழுதுவதில்லை. கோவையில் விமானம் ராத்திரி நேரம் கழித்து இறங்கினால் உடனே மலை ஏற வேண்டாம். கல்லாறு, பர்லியாறு பக்கம் யானை கடக்கும். மழைக்காலமென்றால் மரமோ மண்ணோ விழுந்து கிடக்கலாம். மேட்டுப்பாளையத்தில் தங்கி விடிந்ததும் ஏறுங்கள். டாக்ஸி நம்மூர் வண்டியாகவே சொல்லி வையுங்கள். நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43க்கு மலை ஏற இ-பாஸ் வேண்டாம், கோவை வண்டியைப் பிடித்தால் அவர் பாஸ் எடுத்தாரா என்று பார்க்க வேண்டும். ஸ்வெட்டர்களைப் பெட்டியின் மேலடுக்கிலேயே வையுங்கள். நாங்கள் அடியில் வைத்துவிட்டு, காட்டேரி ஊர்ப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி, கொட்டும் மழையில் டிக்கியைத் திறந்து தேடினோம்.